சந்தேகமிருந்தால் பெற்றோரைக் கேளுங்கள்

எங்கள் பள்ளி வாசலில் நின்ற அந்த ஃபிளெக்ஸை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. செய்யச் சொன்னவர் வேறொருவர். ஆனால் படங்களைத் தேடி எடுத்து, வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் பெயர், ஊர், அப்பாவின் செல் எண் என்று குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தவள் நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு அந்தக் கையை யாராவது பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளி அது. நான் ஜெயராணி, உயிரியல் ஆசிரியை. முதலுதவிப் பெட்டியின் சாவி என்னிடம் இருந்ததால் மாணவர் நலம் என்கிற பொறுப்பும் என் தலையில் விழுந்தது. பல் பார்க்கிற டாக்டர் வரும் நாள், கண் பார்க்கிற நாள், பூச்சி மாத்திரை கொடுக்கிற நாள், எடை போடுகிற நாள் எல்லாவற்றுக்கும் நான்தான் நிற்க வேண்டும். பிள்ளைகள் எனக்கு 'டெட்டால் மிஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காதில் விழாத மாதிரி இருந்துகொள்வேன்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் முகங்களை ஃபிளெக்ஸில் அச்சடித்து வாசலில் கட்டாத பள்ளி எங்கள் பக்கத்தில் கிடையாது. அதில் ஒரு தகராறு. 2010இல் எங்கள் பள்ளியில் முதலாவதாக வந்த பையனின் படத்தை இன்னொரு பள்ளிக்காரர்கள் தங்கள் ஃபிளெக்ஸிலும் போட்டுக்கொண்டார்கள். மாலையில் அங்கே டியூஷன் படித்தானாம். எங்கள் தாளாளர் சுப்பராயலுவுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அடுத்த ஆண்டு முடிவு வந்த அன்றே என்னைக் கூப்பிட்டார்.

"இந்த வருசம் எவனும் வாயத் தொறக்கக் கூடாது மேடம். போட்டோவுக்குக் கீழ அவுங்க அப்பா செல் நம்பரையும் போட்டுருவோம். டவுட் இருக்கறவன் போன் பண்ணிக் கேட்டுக்கட்டும். எப்புடி?"

பிரமாதம் சார் என்றேன். அப்படித்தான் சொன்னேன், இதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஒன்பது பிள்ளைகள், ஒன்பது எண்கள். அடியில் சிவப்பு எழுத்தில் 'சந்தேகமிருந்தால் பெற்றோரைக் கேளுங்கள்' என்று ஒரு வரி. அதையே பள்ளியின் வெப்சைட்டிலும் போட்டார்கள்.

அந்த ஒன்பது பேரில் இரண்டாவது படம் வெண்மதி. காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா கொளஞ்சியப்பன் சொந்தமாக ஒரு மினி லாரி வைத்து ரைஸ்மில்களுக்கு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். முதல் ஒன்பது பேருக்கும் பதினொன்றாம் வகுப்பு இலவசம் என்பதால் படிவம் நிரப்ப வந்திருந்தார். எண்ணைக் கேட்டதும் தயங்கினார்.

"லோடுக்குக் கூப்புடுற நம்பருங்க டீச்சர் அது. போர்டுல எல்லாம் எதுக்குங்க?"

"குடுக்காம எப்படிங்க? பொண்ணுக்குப் பெருமைதானே. எழுதுங்க" என்றேன் நான்.

எழுதினார். வெண்மதியின் படம் கைவசம் வேறு இல்லாததால், பழைய பஸ் பாஸ் படிவத்திலிருந்து ஒன்றைப் பிய்த்து எடுத்தேன். பள்ளி முத்திரையின் ஒரு கால்பாகம் அவள் இடது தோளின்மேல் ஊதா நிறத்தில் விழுந்திருந்தது. பரவாயில்லை என்று ஒட்டிவிட்டேன். ஃபிளெக்ஸ் கட்டிய அன்று கொளஞ்சியப்பன் லாரியை ஓரம் கட்டிவிட்டு அதன் முன்னால் நின்று தன்னையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். அவர் செல்லில் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை பிரேயரில் தாளாளர் மைக்கைப் பிடித்தார். நம் பள்ளி வெப்சைட்டைப் பத்தாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள், சிதம்பரத்தில் எந்தப் பள்ளிக்கும் இந்தப் பெருமை இல்லை என்றார். கை தட்டினோம். எல்லோருக்கும் ஆளுக்கொரு லட்டு. நான் முந்திரி தெரிகிற லட்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்ட நேரத்தில் பதினொன்றாம் வகுப்பு வரிசையில் வெண்மதி மயங்கி விழுந்தாள்.

தூக்கிக்கொண்டு போய் என் அறையில் படுக்க வைத்தோம். முகத்தில் தண்ணீர் அடித்து, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, எழுந்ததும் எடை மிஷினில் ஏற்றினேன். முப்பத்தைந்து கிலோ. ஜூன் மாதம் நானே எடுத்த குறிப்பில் நாற்பத்தொன்று இருந்தது.

"சாப்புடுறியா இல்லியாடி?"

"பசிக்கல மிஸ்."

"ரெண்டு மாசமாவா பசிக்கல?"

எடை மிஷினின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அழாமல், பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். ஜூலையிலிருந்து அப்பாவின் செல்லுக்கு யார் யாரோ கூப்பிடுகிறார்கள். திருப்பூர் என்கிறான் ஒருவன், துபாய் என்கிறான் இன்னொருவன். வெண்மதி இருக்காளா, வெண்மதிகிட்ட குடுங்க. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது. அப்பா முதலில் திட்டினார், பிறகு அவர்களிடமே நீ யார், எப்படித் தெரியும் என்று கேட்டார். உங்க பொண்ணுதான் நெட்டுல நம்பர் குடுத்துக் கூப்புடச் சொல்லியிருக்கு என்றான் ஒருவன்.

"அன்னிலேர்ந்து அப்பா எங்கிட்ட பேசறதே இல்ல மிஸ். மில்லுல லோடுக்குக் கூப்புடுற போனா, இந்தப் போனான்னு தெரியாம எல்லாத்தையும் எடுத்துத் தொலைக்க வேண்டியிருக்கு. எல்லார் எதுருலயும் அசிங்கமாப் பேசறானுவளாம். காலாண்டுப் பரீச்சையோட நின்னுடு, மாமாவுக்குப் பேசி முடிச்சிடலாம்னு அம்மா சொல்லுது. நான் கம்ப்யூட்டரத் தொட்டதே நம்ம லேப்புலதான் மிஸ். அங்கயும் நெட்டு கெடையாது."

போன் அடித்தால் தட்டில் கை வைக்க முடியவில்லை, வயிறு சுருட்டிக்கொள்கிறது என்றாள். வீட்டில் சாப்பிடும் நேரத்தில் போன் அடிக்காத நாளே இல்லை. மிச்சமிருந்த குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கச் சொன்னேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன். அங்கே மட்டும்தான் இணையம் இருந்தது. அவர் கம்ப்யூட்டர் சாரைக் கூப்பிட, அவரோடு பி.டி. மாஸ்டரும் தமிழாசிரியர் தட்சிணாமூர்த்தியும் கூடவே வந்துவிட்டார்கள். தேடியதும் கிடைத்தது. நண்பர்களைச் சேர்க்கிற தளம் ஒன்றில் வெண்மதியின் பெயர், ஊர், படம், அப்பாவின் எண். 'தனியாக இருக்கிறேன், பேச ஆள் வேண்டும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நான்கு ஆண்கள் ஒருவர் தோளின்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"நம்ம பொண்ணு ஃபேமஸ் ஆயிடுச்சே" என்றார் பி.டி. மாஸ்டர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை. பதினாறு வயதுப் பிள்ளை கீழே முப்பத்தைந்து கிலோவில் கிடக்கிறாள். அவளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர்கள் இங்கே வாயெல்லாம் பல்லாக நிற்கிறார்கள். எனக்கு அந்த அறையின் ரூம் ஸ்பிரே வாசனைகூடப் பொறுக்கவில்லை. அப்போதுதான் படத்தின் இடது தோளைப் பார்த்தேன். ஊதா நிறத்தில் ஒரு கால்பாக முத்திரை.

"சார், இது நம்ம போர்டுல இருக்கற போட்டோ. நம்ம வெப்சைட்லேர்ந்து எடுத்துருக்கான். நம்பரும் நாம போட்டதுதான்."

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முத்திரை அவருக்கும் தெரிந்தது. தெரிந்ததும் திரையை அணைத்துவிட்டார்.

"மீதி எட்டுப் பேருக்கு வரலியே மேடம்? இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் வருது? அந்த சைடுலயும் ஏதாச்சும் இருக்கும். நீங்க அத வெளிய சொல்லிட்டுத் திரியாதீங்க, ஸ்கூல் பேரு இன்னாவுறது? ஒண்ணு பண்ணுவோம். ஒரு விழிப்புணர்வு முகாம் போட்டுருவோம்."

முதலில் வெப்சைட்டிலிருந்து எண்களை எடுங்கள் என்றேன். அட்மிஷன் முடியட்டும் என்றார். ஆகஸ்டில் என்ன அட்மிஷன் என்று கேட்டேன். மேஜை மணியை அடித்து டீ கொண்டுவரச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை கடலூருக்கு பஸ் ஏறினேன். வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிற அன்புமணி என்கிற பையன் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தான். சின்ன வயசு, மரியாதையாக நாற்காலி எடுத்துப் போட்டான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது.

"அதான் மேடம். அந்தப் பத்தாயிரம் பேர்ல முக்காவாசிப் பேரு அந்த ஒரு ரிசல்ட் பக்கத்துக்குத்தான் வந்துருக்காங்க. வெளியூர், வெளிநாடு. ஒரு ஸ்கூலுக்கு எதுக்கு இவ்ளோ பேருன்னு எனக்கே டவுட்டு. சார்கிட்ட சொன்னேன். நல்லதுதானேப்பா, ஜாஸ்தியாவட்டும்னாரு."

எவனெவனோ ஒரு குழந்தையின் முகத்தைத் தேடி வந்ததைத்தான் நாங்கள் கை தட்டிக் கொண்டாடியிருக்கிறோம். அன்புமணி அந்தப் போலிப் பக்கத்தின் மேல் புகார் கொடுத்தான். ஆனால் பள்ளியின் பக்கத்தைத் தாளாளர் சொல்லாமல் எடுக்க முடியாது என்றான். "இத எடுக்காம அத எடுத்து ஒண்ணும் ஆவாது மேடம். நாளைக்கே இன்னொண்ணு போடுவான்."

அவன் சொன்னபடியே ஆனது. முதல் பக்கம் ஒரு வாரத்தில் மறைந்தது, பத்தாவது நாள் வேறொன்று வந்தது. வெண்மதியின் எடை முப்பத்து நான்கு. தினமும் மதியம் என் அறையில் உட்கார வைத்து, என் டப்பாவிலிருந்து இரண்டு வாய் தயிர்சோறு ஊட்டாத குறையாகக் கொடுப்பேன். ஒரு வாய் இறங்கும். கொளஞ்சியப்பனைப் பார்க்க ஊருக்கே போனேன். அவர் வெளியே வரவில்லை. மனைவி முத்தம்மாள்தான் பேசினாள். பரீச்சை முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொள்கிறோம், எங்களுக்குப் படிப்பும் வாணாம் ஒண்ணும் வாணாம் என்றாள். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது, முழுங்கிவிட்டுத் திரும்பினேன். வேலை போய்விடுமே என்கிற பயம்தான், வேறென்ன?

செப்டம்பர் கடைசியில் முகாம் நடந்தது. 'மாணவர் உடல்நலம் மற்றும் இணையப் பாதுகாப்பு' என்று அதற்கும் ஒரு ஃபிளெக்ஸ். அதில் தாளாளர் படம் பெரிதாக, சிறப்பு விருந்தினர் கோவிந்தசாமி படம் கொஞ்சம் சிறிதாக. கோவிந்தசாமி ஓய்வுபெற்ற அதிகாரி. மழைநீர் சேகரிப்பு, தொழுநோய், சாலை விதி எது என்றாலும் அவர்தான் வந்து பேசுவார். சால்வை போட்டதும் தொடங்கினார். பெண்பிள்ளைகள் துப்பட்டாவைச் சரியாகப் போட வேண்டும், கம்ப்யூட்டர் பக்கம் போகக் கூடாது, வீட்டில் கீரை சாப்பிட வேண்டும் என்றார். முக்கால் மணி நேரத்தில் பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எதைச் செய்யக் கூடாது என்று எவனுக்கும் சொல்லவில்லை.

பெற்றோர்களையும் வரச்சொல்லியிருந்தார்கள். கடைசி வரிசையில், கையில் மூட்டைக் கொக்கியோடு கொளஞ்சியப்பன் நின்றார். லாரியில் பாதி லோடோடு அப்படியே வந்திருக்கிறார். உட்காரச் சொன்னவர்களிடம் தலையை ஆட்டி மறுத்தார்.

கோவிந்தசாமி உட்கார்ந்ததும் தட்சிணாமூர்த்தி ஐயா மைக்குக்கு வந்தார். "இப்போது மாணவி வெண்மதி உறுதிமொழி வாசிப்பார். அனைவரும் எழுந்து நின்று திரும்பச் சொல்ல வேண்டும்." முகாமில் இது இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவளை ஏன் என்று கேட்கக்கூட வேண்டியதில்லை, அரங்கத்தில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். ஆயிரம் பேருக்கு முன்னால் அவளைக் குற்றவாளியாக நிறுத்தி, அதற்கு விழிப்புணர்வு என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அவள் மேடை ஏறினாள். யூனிஃபார்ம் தோளிலிருந்து தொங்கியது. தாளைப் பார்த்து வாசித்தாள்.

"எனது புகைப்படத்தையோ, எனது குடும்பத்தாரின் தொலைபேசி எண்ணையோ, முன்பின் தெரியாதவர்களுக்குத் தர மாட்டேன்…"

அரங்கம் திருப்பிச் சொன்னது. தாளாளரும் எழுந்து நின்று, கையை நீட்டி, கூடவே சொன்னார். அவருக்கு நாக்கு கூசவே இல்லை. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மேடை ஏறி அவள் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு மைக்கை என் பக்கம் திருப்பினேன்.

"இந்தப் பிள்ளை யாருக்கும் எதையும் தரவில்லை. இவள் படமும் இவள் அப்பாவின் எண்ணும் மூன்று மாதமாக இந்தப் பள்ளி வாசலில் தொங்குகிறது. வெப்சைட்டில் இருக்கிறது. அங்கிருந்துதான் எவனோ எடுத்தான். அதை வெட்டி ஒட்டி எழுதிக் கொடுத்தது நான். தாளாளருக்கும் தெரியும், இங்கே இருக்கிற மூன்று ஆசிரியர்களுக்கும் தெரியும். உறுதிமொழி எடுக்க வேண்டியவர்கள் நாங்கள்."

யாரோ மைக்கை அணைத்தார்கள். அதற்குள் சொல்லி முடித்திருந்தேன். கோவிந்தசாமி சால்வையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். கடைசி வரிசையில் கொளஞ்சியப்பனைக் காணோம்.

வாசலுக்கு ஓடினேன், வெண்மதி என் பின்னால் வந்தாள். கொளஞ்சியப்பன் ஃபிளெக்ஸின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை முறை அதைக் கடந்து போயிருப்பார், முன்னால் நின்று படம்கூட எடுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் தன் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். பிறகு லாரியைப் பின்னால் எடுத்து, ஃபிளெக்ஸை ஒட்டி நிறுத்தி, மூட்டைகள்மேல் ஏறினார். கொக்கியை மகள் படத்தின் மூலையில் குத்தி ஒரே இழுப்பாக இழுத்தார். நாலு பக்கமும் கிழித்து, அந்தச் சதுரத்தைப் பாய் மாதிரி சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

என் முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"போர்டுல எதுக்குன்னு கேட்டன் இல்ல டீச்சர்? அன்னிக்கே கேட்டன் இல்ல?"

"கேட்டீங்க."

"மூணு மாசமா எம்பொண்ணு மூஞ்சியப் பாத்துப் பேசல நானு." வெண்மதியின் பக்கம் திரும்பாமலேயே லாரியின் கதவைத் திறந்துவிட்டு, "ஏறு பாப்பா" என்றார். அவள் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் காலை தாளாளர் என்னைக் கூப்பிட்டார். வேலையைவிட்டு எடுக்கத்தான் என்று போனேன். அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "ஓட்டையாத் தெரியுது மேடம், அசிங்கமா இருக்கு. பத்தாவதா வந்த புள்ள யாரு? போட்டோவும் நம்பரும் எடுத்துக் குடுங்க, அந்த எடத்துல ஒட்டிருவோம்." அவர் தமாஷ் பண்ணவில்லை. எண்கள் இருந்த ஃபைலைக் கொண்டுவந்து அவர் மேஜை முன்னால் நின்று ஒவ்வொரு தாளாகக் கிழித்தேன். அதன் பிறகுதான் வேலை போனது.

மீதி எட்டு வீடுகளுக்கும் நானே போன் செய்து சொன்னேன். நான்கு பேர் போய்ச் சண்டை போட்டு எண்ணை அழிக்க வைத்தார்கள். மூன்று பேர் பார்க்கலாம் என்றார்கள். ஒருவர், விளம்பரம்தானே டீச்சர், இருந்துட்டுப் போவட்டும் என்றார். டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் வந்து கடலூர், சிதம்பரம் என்று எங்கள் பக்கத்து ஃபிளெக்ஸ்கள் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போனது. வெப்சைட்டை மட்டும் எந்தப் புயலும் தொடவில்லை. அதை அன்புமணி பிறகு ஒருநாள், யாரையும் கேட்காமல், சர்வர் பழுது என்று சொல்லி எடுத்துப்போட்டான். அந்தப் போலிப் பக்கங்களை உருவாக்கியவன் யார் என்று இன்றுவரை தெரியாது.

புயலுக்கு முன்பே, அக்டோபரில் வெண்மதியை அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது நானும் போனேன். கொளஞ்சியப்பன் கூப்பிடவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிளார்க் அம்மாள் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிமிர்ந்தாள்.

"போன் நம்பர் சொல்லுங்க."

"போன் இல்லீங்க" என்றார் கொளஞ்சியப்பன்.

சொல்லி வாய் மூடவில்லை, சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் எடுக்கவுமில்லை, அணைக்கவுமில்லை. மில்லாகவும் இருக்கலாம், துபாயாகவும் இருக்கலாம். வெண்மதியின் கை வயிற்றின் மேல் போனது. கிளார்க் அம்மாள் பையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, பாக்கெட்டுலயே அடிக்குது. நம்பர் குடுக்காம எப்படி?"

அதே வார்த்தை. நான் ஜூன் மாதம் சொன்ன அதே வார்த்தை. கொளஞ்சியப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லன்னு சொல்றாரில்ல?" என்றேன். "இல்லன்னு எழுதுங்க."

அவள் முனகிக்கொண்டே ஒரு கோடு போட்டாள். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. வெண்மதி வயிற்றிலிருந்து கையை எடுத்து, படிவத்தை வாங்கி, அந்தக் கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.